ஸ்விட்சுக்குக் காது உண்டு, வாங்க பார்ப்போம்!

சர்வர் அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் பச்சையும் ஆரஞ்சுமாக மினுக்குகிற விளக்குகளைத்தான் படம் பிடிப்பார்கள். நீங்கள் கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள். அந்த விளக்குப் பெட்டிக்கு இடதும் வலதும், இரண்டு விரல் அகலத்தில், ‘எல்’ போல மடித்த இரும்புத் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அதில் மேலும் கீழுமாகத் திருகுகள் தெரிகின்றனவா? அதுதான் காது! லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய நெட்வொர்க் ஸ்விட்ச் அந்தரத்தில் நிற்பது அந்தக் காதைப் பிடித்துக்கொண்டுதான். விளக்கை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குக் காதும், கொக்கியும், கிளிப்பும்!

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஓர் அலுவலகத்தில் பழைய ஸ்விட்சுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டுகிற வேலை. ஆள் நடமாட்டம் இருக்கும்போது கை வைக்க முடியாது என்பதால் ராத்திரியில்தான் நடக்கும். வேலைக்கு இரண்டு பேர். இந்தத் தொழிலிலேயே தலை நரைத்த அண்ணன் ஒருவர். ஐடிஐ முடித்துவிட்டு அவரிடம் தொழில் பழகுகிற தம்பி ஒருவன். டார்ச் பிடிக்கிற பொறுப்பு எனக்கு. பெட்டிகளை அடுக்கி மாட்டும் ரேக்கின் இடுக்குக்குள் முகத்தை நுழைத்துப் பார்க்க இதைவிட நல்ல பதவி உண்டா?

முதல் அதிசயம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. அதன் பெயர் கேஜ் நட். ரேக்கின் தூண்களில் மேலிருந்து கீழ்வரை வரிசையாகச் சதுர ஓட்டைகள், ஒவ்வொன்றும் 9.5 மி.மீ. ஓட்டையில் மரை கிடையாது. மரை இருப்பது கேஜ் நட்டுக்குள். விறைப்பான ஸ்பிரிங் தகட்டில் ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் சதுர நட்டு ஒன்று. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே நட்டு லேசாக ஆடுகிறது. மலிவுச் சரக்கு போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே விட்ட ஆட்டம் அது. காதின் துளையும் தூணின் ஓட்டையும் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் நட்டு நகர்ந்து கொடுத்துத் திருகை வாங்கிக்கொள்ளும்.

இதை மாட்டுவது தனி வித்தை. தூணின் உள்பக்கத்திலிருந்து கூண்டின் ஓர் இறக்கையை ஓட்டைக்குள் செருக வேண்டும். மறு இறக்கை வரமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். தம்பி கட்டைவிரலைக் கொண்டுபோனான்.

“கையாலேயே அமுக்கிடவாண்ணே?”

“அமுக்கு. நாளைக்கு அந்த விரலால சோத்தைப் பிசைஞ்சு பாரு, தெரியும். கொக்கியை எடுடா.”

கொக்கி என்றால் நுனி வளைந்த ஒரு தட்டைக் கம்பி. முன்பக்கமிருந்து ஓட்டைக்குள் விட்டு, அடம் பிடிக்கும் இறக்கையை மாட்டி, வெளியே ஓர் இழுப்பு. ‘டிக்!’ அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமே! எட்டு நட்டுக்கு எட்டு டிக். ஒவ்வொன்றுக்கும் தம்பியின் முகம் மலர்கிறது, என் முகமும்தான்.

தூணிலேயே மரை போட்டுவிட்டால் இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று தோன்றும். மரை போட்ட ரேக்குகளும் உண்டு. ஆனால் அவசரத்தில் ஒரு திருகைக் கோணலாக முடுக்கி மரை போய்விட்டதென்றால், கெடுவது தூண். கேஜ் நட்டில் மரை போனால் இரண்டு இறக்கையையும் நெருக்கி வெளியே தள்ளிவிட்டு, டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டுவிடலாம். என்றாவது கெடும், அன்றைக்குக் கழற்ற வேண்டியிருக்கும் என்று முன்பே யோசித்துச் செய்த பொருள். மாட்டுவதற்கென்றே பிறந்ததாக நாம் நினைக்கும் சாமான்கள் எல்லாம் கழற்றுவதற்காகவும் பிறந்தவை என்பது எனக்குப் பிடிபட்டது அங்கேதான். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அதுவே கண்ணில் பட்டது!

அளவையே பாருங்களேன். ரேக்கின் உயரத்தை ‘யூ’ கணக்கில் சொல்வார்கள். ஒரு யூ என்பது 44.45 மி.மீ. அதற்குள் மூன்று ஓட்டை. 42 யூ ரேக் என்றால் தூணுக்கு 126 ஓட்டை! ஓட்டைகள் சம இடைவெளியில் இருக்கும் என்று நினைத்தால் தவறு. 15.875, 15.875, பிறகு 12.7. இந்தக் குறுகிய இடைவெளியின் நட்டநடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஓர் ஓட்டை தள்ளி எண்ணிவிட்டால் பெட்டி இரண்டு யூவிலும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், அடுத்த பெட்டிக்கு இடமே இருக்காது. அதனால்தான் அண்ணன் நட்டைத் தொடும் முன் தூணில் அச்சடித்த எண்ணை விரலால் தடவிப் பார்த்து, “இருபத்திமூணு, கீழ் ஓட்டை” என்று வாய்விட்டுச் சொல்கிறார். எதிர்த்தூணில் கை வைத்திருக்கும் தம்பி அதையே திருப்பிச் சொன்ன பிறகுதான் நட்டு உள்ளே போகிறது.

இதில் என்னை ரொம்பவே குதிக்க வைத்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு யூ பெட்டியின் முகப்பு முழு 44.45 மி.மீ. இருக்காது, கிட்டத்தட்ட 43.66 தான். இஞ்சில் முப்பத்திரண்டில் ஒரு பங்கைக் கழித்துவிட்டிருக்கிறார்கள். அந்த முக்கால் மில்லிமீட்டர் எதற்கு? நடுவில் இருக்கும் ஒரு பெட்டியை உருவும்போது மேலேயும் கீழேயும் உள்ளவற்றில் உரசிச் சிக்கக் கூடாதே, அதற்கு! கழற்றுகிறவனுக்கென்று தரநிர்ணயத்திலேயே ஒதுக்கிய இடம். இதை யோசித்தவரைக் கண்டால் காலில் விழுந்திருப்பேன்.

ரேக்கின் அளவுகள் நேற்றைக்கு வந்தவையுமில்லை. ரேக்கின் முகப்பு அகலம் 19 இஞ்ச், அதாவது 482.6 மி.மீ. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் 1922 வாக்கில் நிலைநிறுத்திய அளவு அது. நெடுந்தொலைவுப் பேச்சு வழியில் தேய்ந்துவிடாமல் பெருக்கி அனுப்பும் ரிப்பீட்டர் கருவிகள் 1914-ல் வரத் தொடங்கியபோது, அவற்றை மரப்பெட்டியிலும் அலமாரித் தட்டிலும் கிடைத்த இடத்தில் வைத்தார்களாம். எக்ஸ்சேஞ்சில் இடம் போதாமல் போனதும் ஒரே அகலம், ஒரே ஓட்டைக் கணக்கு என்று வகுத்துவிட்டார்கள். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்து, அதுவும் போய் சிப்பு வந்துவிட்டது. காதுக்கும் காதுக்கும் நடுவே உள்ள தூரம் மட்டும் மாறவில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 3,200 கி.மீ. கடலடியில் 2002-ல் போட்ட ஐ2ஐ கேபிளில் வருகிற சேதியும், கரையேறி நம்மிடம் வந்து சேர்வதற்குள் இப்படித் திருகி நிறுத்திய எத்தனையோ பெட்டிகளைக் கடந்தாக வேண்டும்.

சும்மா ஒரு குஷிக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். ஐக்கியாவின் லாக் என்ற சின்ன மேஜை 55 செ.மீ. சதுரம். கால்கள் 5 செ.மீ. கனம். இரண்டு காலைக் கழித்தால் நடுவில் 45 செ.மீ. ரேக்கின் தூண்களுக்கு நடுவே வேண்டிய இடைவெளியும் அதே 45! ஐரோப்பாவில் கணினிக் கிறுக்குப் பிடித்தவர்கள் இதைக் கண்டுபிடித்து, மேஜைக் காலிலேயே ஸ்விட்சின் காதைத் திருகி மாட்டி ‘லாக்ரேக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேஜைக் கால் பெரும்பகுதி உள்ளீடற்றது, கனமான பெட்டியைத் தாங்காது. ஆனாலும் அந்த ஆசையை நினைத்துப் பாருங்கள்!

சரி, புதிய ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. காது தனியாக ஒரு பாலித்தீன் பையில் இருக்கிறது. கூடவே தலை தட்டையான குட்டித் திருகுகள். “இதைத் தவிர வேற திருகு போடக்கூடாது” என்று அண்ணன் மூன்றாவது முறையாகச் சொல்கிறார். காரணம் எளிது. கொஞ்சம் நீளமான திருகு தகட்டைத் தாண்டி உள்ளே போய், சர்க்யூட் போர்டைக் குத்திவிடும். காதில் துளைகள் ஏன் இத்தனை? முகப்பு தூணோடு ஒட்டி நிற்க ஒரு வரிசை, பெட்டியை முன்னே தள்ளி மாட்ட இன்னொரு வரிசை. சில மாடல்களில் அதே காதைத் திருப்பி மாட்டினால் சுவரில் தொங்கவிடும் பிராக்கெட்டாகிவிடும்! ஒரே தகட்டுக்கு இத்தனை வேலை.

அடுத்தது தூக்கி மாட்டுவது. 48 போர்ட் ஸ்விட்ச் ஐந்தாறு கிலோ வரும். ஆனால் நீளமாகப் பின்னால் போகும். தம்பி அடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டான். அண்ணன் முதலில் முடுக்கியது கீழ்த் திருகு. ஏன் கீழே? பெட்டியின் பாரம் தூணுக்குப் பின்னால் இருக்கிறது, பின்பக்கம் தாழப் பார்க்கிறது. அப்போது காதின் மேல்பாதி தூணோடு அழுந்தும்; கீழ்பாதி தூணை விட்டு விலகப் பார்க்கும். ஆகவே இழுவையைத் தாங்குவது கீழ்த் திருகு. இடது கீழ், வலது கீழ், பிறகு மேலே இரண்டு. நான்கும் தளர்வாகப் பிடித்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்கல். இது தெரிந்த நிமிஷத்திலிருந்து எங்கே ரேக்கைப் பார்த்தாலும் கீழ்த் திருகு இருக்கிறதா என்று என் கண் தேடுகிறது.

பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் ஒயரை மாட்டும் இடத்தில் பல் வைத்த ஒரு வாஷர் போடுகிறார்கள். திருகை இறுக்க இறுக்க அந்தப் பல் பெயின்ட்டைக் கீறி இரும்பைக் கடிக்கும். பெயின்ட் மேல் பெயின்டாக உட்கார்ந்தால் எர்த் கிடைக்காது அல்லவா! மாட்டும்போது எர்த்துதான் முதலில். கழற்றும்போது எர்த்துதான் கடைசியில்.

கழற்றும்போது! இந்த ராத்திரியின் உண்மையான காட்சி அதுதான். புதிதாக மாட்டுகிறவனுக்கு முன்னால் காலி ரேக் இருக்கிறது, பளபளக்கும் தகடு இருக்கிறது, கையேடு இருக்கிறது. கழற்றுகிறவன் முன்னால் இருப்பது எப்போதோ யாரோ மாட்டிவிட்டுப் போனது. கேபிள் கேபிளாகக் குறுக்கே ஓடும். திருகுத் தலை வழுவழுத்திருக்கும். நாலு திருகு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும், அதிலும் ஒன்று வேறு சைஸ். அண்ணன் திருப்புளியை எடுக்கவே இல்லை. முன்னே பின்னே நடந்து, கைகட்டி நின்று, பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தொடங்கியது. முதலில் போன். போர்ட் போர்ட்டாகப் படம். அடுத்து ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய லேபிள். ஃபைபரைப் பிடுங்கியதும் அந்தக் கணமே மூடி. நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடவே கூடாது, உள்ளே ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும். மின்சார ஒயர் பின்னால் இரண்டு, ஒவ்வொன்றும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் வெவ்வேறு பிடியுவிலிருந்து வருகிறது. ஒன்றைப் பிடுங்கியதும் தம்பி திருப்புளியோடு தயாரானான்.

“லைட்டு எரியுதுடா.”

“பிடுங்கிட்டேனேண்ணே!”

“ஒண்ணைப் பிடுங்கின. இன்னொண்ணு?”

அடுத்த ஒயரும் போய், விசிறி ஓய்ந்து, விளக்கு அணைந்த பிறகுதான் எர்த் ஒயர் பிரிந்தது. அதற்கப்புறம் திருகு. மாட்டியதற்கு நேர் தலைகீழ்: மேல் இரண்டும் முதலில், கீழ் இரண்டும் கடைசியில். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் மொத்தத் தொழிலுக்கும் உயிர். தம்பி இரண்டு கையாலும் பெட்டியை அடியிலிருந்து ஏந்தி, “பிடிச்சுட்டேன்” என்று சத்தமாகச் சொல்கிறான். அந்தச் சொல் காதில் விழாமல் அண்ணன் கடைசித் திருகைத் தொடவே மாட்டார். சத்தமாகச் சொல்லாவிட்டால் கேட்காது; அறைக்குள் ஏசியும் விசிறிகளும் அப்படி இரைகின்றன. கடைசித் திருகு அவிழ்ந்து உள்ளங்கையில் விழுந்தது. பெட்டி சர்ரென்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது, மேலேயும் கீழேயும் எதிலும் உரசாமல். முக்கால் மில்லிமீட்டர் வாழ்க!

கனமான சர்வர்களுக்கு வெறும் காது போதாது. முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே நழுவி ஓடும் தண்டவாளம் வேண்டும். அவற்றை இழுத்தால் பாதி வழியில் ஒருமுறை பூட்டிக்கொள்ளும். இரண்டு பக்கத்துத் தாழையும் சேர்த்து அமுக்கினால்தான் முழுசாக வெளியே வரும். பல கம்பெனிகள் கை வைக்க வேண்டிய தாழுக்கு நீல நிறம் கொடுத்திருக்கின்றன. அவர்களும் கழற்றுகிறவனை நினைத்திருக்கிறார்கள்! ஒரு சமயத்தில் ஒரு சர்வரைத்தான் வெளியே இழுக்க வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாக இழுத்துவிட்டால் பாரம் முன்னால் வந்து ரேக்கே குப்புற விழும். கனமானது கீழே, இலேசானது மேலே. ஏற்றும்போது அடியிலிருந்து, இறக்கும்போது உச்சியிலிருந்து. பேட்டரி வைத்த யூபிஎஸ் தரையோடு உட்கார்ந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

இதெல்லாம் சர்வர் அறைக்குள்தான் என்று ஏங்க வேண்டாம். உங்கள் வீட்டு மெயின் போர்டுக்குள்ளேயே ஒரு குட்டி ரேக் இருக்கிறது! எம்சிபிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றனவே, அவற்றுக்குப் பின்னால் தொப்பி போல விளிம்பு மடித்த ஒரு தகடு ஓடும். டின் ரெயில். அகலம் 35 மி.மீ.; ஜெர்மனியில் பிறந்து உலகமெங்கும் ஓடுகிறது. எம்சிபியின் மேல் உதட்டை ரெயிலில் கோத்து, கீழ்ப்பக்கத்தை அமுக்கினால் ‘டக்’. திருகே கிடையாது. கழற்ற, அடியில் இருக்கும் சின்னக் கிளிப்பைத் திருப்புளி நுனியால் கீழே இழுத்தால் போதும். ஆனால் அடிவரிசையில் சீப்பு போல ஒரு செம்புப் பட்டை எல்லா எம்சிபியையும் கோத்திருந்தால், நடுவில் உள்ள ஒன்றை மட்டும் உருவ முடியாது. வரிசையின் திருகு அத்தனையையும் தளர்த்தி, பட்டையை விலக்க வேண்டும். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் கழற்றும்போது கவனித்துப் பாருங்கள். மெயினை அணைப்பார்; அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்; அதற்கப்புறம்தான் கிளிப்பில் கை. நீங்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கூரையில் வெள்ளைத் தட்டு போல ஒட்டிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டியும் காதில்லாமல் தொங்கவில்லை. ஃபால்ஸ் சீலிங்கின் பலகையில் மாட்டினால் பலகை தொய்யும். அதனால் பலகைகளுக்கு நடுவே ஓடும் ‘டி’ கம்பியை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கிளிப் வைத்திருக்கிறார்கள். பெட்டியை அதில் பொருத்தி நகர்த்தினால் பூட்டிக்கொள்ளும். எதை அமுக்கினால் கழலும் என்பது கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. பூட்டு போடத் துளைகூட உண்டு.

சுவருக்கு வந்தால் கதை 1911 வாக்கில் லண்டனுக்குப் போகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் மின்சாரச் சாமான் மாட்ட வேண்டும், சுவருக்குச் சேதம் வரக்கூடாது. அதுவரை சுவரைக் கொத்தி மரக்கட்டையைப் பதித்து அதில்தான் திருகுவார்கள். ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற கட்டுமானக்காரர் சின்ன ஓட்டை போட்டு, அதில் சணல் நாரால் செய்த குழலைச் செருகினார். திருகு உள்ளே போகப் போக நார் விரிந்து சுவரைக் கவ்விக்கொண்டது! 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதையே நைலானில் செய்தார். 1,100-க்கும் மேற்பட்ட கண்டுபிடிப்பு உரிமைகளைப் பெற்ற மனிதர் அவர். இன்றைக்கு ஐந்து ரூபாய்க்குள் கிடைக்கும் ரால் பிளக்குக்குள் இத்தனை பெரிய மூளைகள் இருக்கின்றன. அதைச் சுவரிலிருந்து எடுக்கவும் வழி உண்டு. கழற்றிய திருகையே நாலு சுற்று மறுபடி முடுக்கி, கட்டிங் பிளேயரால் திருகுத் தலையைப் பிடித்து இழுத்தால் பிளக்கும் சேர்ந்து வரும். ஓட்டைக்குள் வெள்ளை சிமென்ட்டைத் திணித்துவிட்டால் தீர்ந்தது.

மறுபடி ரேக்குக்கு வருவோம், அங்கே பாக்கி இருக்கிறது. ஸ்விட்சை எடுத்த இடம் ஒன்று காலியாகவே இருக்கப்போகிறது. அதை அப்படியே விடக்கூடாதாம். பின்பக்கத்துச் சூடான காற்று அந்தச் சந்து வழியாக முன்னால் வந்து, பக்கத்துப் பெட்டிகள் அதையே மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். அதற்கென்று ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடித்தகடு. இதற்குத் திருகு, கொக்கி எதுவும் வேண்டாம், கையால் அமுக்கினாலே உட்கார்ந்துவிடும். தம்பி அதை என்னிடம் நீட்டினான். அமுக்கினேன். டிக்!

கழற்றிய பழைய ஸ்விட்ச் தரையில் அட்டை மேல் கிடக்கிறது. தம்பி அதன் காதைக் கழற்றி, எட்டுக் குட்டித் திருகையும் ஜிப் கவருக்குள் போட்டு, ஸ்விட்சின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டினான். ஒரு மாடலின் காது அடுத்த மாடலுக்குச் சேராது. பழைய சாமான் வாங்க வருகிற ஆள் போர்ட் எத்தனை, வேகம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், “காது இருக்காண்ணே?” என்றுதான் கேட்பாராம். காது இல்லாவிட்டால் விலையைக் குறைத்துவிடுவார். அண்ணன் ஒட்டியிருந்த கவரை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார், மேலே இன்னொரு சுற்று டேப் போடச் சொன்னார். “அடுத்த ரேக்கு, வா” என்று கொக்கியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.